சக்கரம் இடப்பக்கம் இருந்த தையல் மெஷின்

நெகட்டிவ் அக்கா தன் வாழ்நாளில் ஒரே ஒரு தப்புதான் செய்திருக்கிறாள். இது அவளே வெளியிட்ட புள்ளிவிவரம். அதுவும் அண்மையில் திருத்தப்பட்டது. போன மாதம் வரைக்கும் அந்த எண்ணிக்கை பூஜ்யமாகத்தான் இருந்தது.

பெயரைக் கேட்டதும், எதற்கெடுத்தாலும் முடியாது என்று சொல்கிறவள் போலிருக்கிறது என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். எதற்கெடுத்தாலும் முடியாது என்று சொல்கிறவள்தான். ஆனால் பெயர் அதனால் வந்ததல்ல. ஒரு வாரப் பத்திரிகையின் அச்சகத்தில், ஃபிலிம் ஒட்டும் அறையில், இருபத்தாறு வருடம் வேலை பார்த்ததால் வந்தது. ஓவியர் வரைந்து கொடுக்கும் அட்டைப்படத்தைக் கேமரா அறையில் படம் பிடித்து, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நிறத்துக்கு ஒன்றாக நான்கு ஃபிலிம் எடுத்து அனுப்புவார்கள். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேஜையில் அந்த நான்கையும் மயிரிழை பிசகாமல் ஒட்டித் தருவது அவள் வேலை. காற்றில் ஃபிலிம் பறந்துவிடும் என்பதால் அந்த அறையில் மின்விசிறி கிடையாது. ஃபிலிம் மேல் சொட்டிவிடும் என்பதால் வியர்க்கவும் அனுமதி கிடையாது. இந்த இரண்டு சட்டத்தையும் ஒருசேரக் காப்பாற்றியவள் என்பதால் அவளுக்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. கொஞ்சம் என்று எழுதியது அடக்கத்தினால். அவளுடைய அடக்கத்தினால் அல்ல, எழுதுகிறவனுடைய அடக்கத்தினால்.

பத்திரிகை மூடிப் பன்னிரண்டு வருடமாகிறது. பழைய இதழ்களை எடைக்குப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே, முதல் இதழிலிருந்து கடைசி இதழ் வரை ஒரு முழு வரிசையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து இறங்கினாள். வீடு என்பது முன்பக்கம் கணவரின் தையல் கடை, பின்பக்கம் இரண்டு அறை. துணி வெட்டும் மேஜைக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், சமையலறைப் பரணில், எங்கெங்கும் இதழ்கள் குடியேறின. கணவர் முணுமுணுத்தார். "மேடம், இந்த வீட்டுல எனக்கும் ஒரு இடம் ஒதுக்குனா நல்லாருக்கும்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். அவள் அவரை டெய்லரே என்றுதான் கூப்பிடுகிறாள். ஏன் என்பது பின்னால் வரும்.

அந்த இதழ் வரிசை அவளுக்கு இரண்டாவது உத்தியோகத்தைக் கொடுத்தது. ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு அலமாரியில் அட்டைப்படத்தின் அசல் ஓவியம் கிடைக்கும். அது எந்த இதழில், எந்த வாரத்தில் வந்தது என்று யாருக்கும் தெரியாது. அவளிடம் கொண்டு வருவார்கள். அவள் முதலில் படத்தைப் பார்க்க மாட்டாள், ஓரத்தைப் பார்ப்பாள். நான்கு மூலையிலும் ஊசி குத்திய துளை இருந்தால் கேமரா அறைப் பலகையில் நின்ற படம். ஓரத்தில் நீலப் பென்சில் கோடு இருந்தால் அளவு வெட்டிய படம். மேலே வானமோ சுவரோ வெறுமனே நான்கு விரல்கடை கிடந்தால், அது பத்திரிகையின் பெயருக்கு விட்ட இடம். பின்பக்கத்தைத் திருப்பி, எத்தனை சதவீதம் சுருக்கினார்கள் என்ற எண்ணைப் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் கட்டிலுக்கு அடியில் தலையைக் கொடுப்பாள். அரை மணியில் தூசியும் இதழுமாக வெளியே வருவாள். வந்ததும் "இந்தாங்க" என்பாள். பரிசு கொடுப்பதுபோல் அல்ல, தண்டனை கொடுப்பதுபோல்.

இப்படியிருக்கையில்தான் கையுறைக்காரர் வந்து சேர்ந்தார்.

நகரத்து நூலகத்தின் மாடியில் அட்டைப்பட ஓவியங்களுக்கு ஒரு கண்காட்சி நடத்த ஏற்பாடாகியிருந்தது. அதை நடத்துகிற நிபுணர் அவர். பத்திரிகையின் தலைமை ஓவியர் காலமான பிறகு, அவருடைய மகன் அப்பாவின் அலமாரியை அப்படியே நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். உள்ளே நாற்பத்திரண்டு ஓவியங்கள். நிபுணர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டுதான் எந்தப் படத்தையும் தொடுவார். அக்கா வீட்டில் கொடுத்த தேநீரையும் கையுறையோடுதான் குடித்தார். கழற்றி மாட்டுவது பெரிய வேலை என்றார்.

"ஒவ்வொண்ணும் எந்த இதழ்ல வந்துச்சுன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா போதும்மா. புத்தகத்துல உங்க பேரைப் போட்டு நன்றி சொல்லிருவோம்" என்றார்.

"எழுத்து சின்னதாவா, பெருசாவா?"

"அம்மா?"

"என் பேரு. சின்ன எழுத்துலயா, பெரிய எழுத்துலயா?"

ஒன்பது நாளில் நாற்பத்தொரு படத்துக்கு இதழ் கண்டுபிடித்தாள். மீதி ஒரு படத்துக்கு ஒன்பது நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. உறையிலிருந்து பாதி உருவும்போதே அது என்னவென்று தெரிந்துவிட்டது. உருவியதைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, போய்க் கைகழுவினாள். கை சுத்தமாகத்தான் இருந்தது.

படத்தில் ஒரு பெண் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய முதுகுப் பக்கமிருந்து பார்க்கிறோம். யாரோ கூப்பிட்டதுபோல் தோளுக்கு மேல் முகத்தைத் திருப்பியிருக்கிறாள். 'என்ன இப்போ?' என்று கேட்கிற முகம். மெஷினின் சக்கரம் அவள் வலது கைப்பக்கம். வலது கீழ் மூலையில் துணித் துண்டுகள் மேல் ஒரு பூனை தூங்குகிறது. இடது கீழ் மூலை காலி. எங்கேயும் கையெழுத்து இல்லை.

கையெழுத்து இல்லாததற்குக் காரணம் உண்டு. அந்தப் படத்தை வரைந்தது தலைமை ஓவியர் அல்ல. கொம்பு.

கொம்பு என்பவள் அந்தப் பத்திரிகையில் கதைகளுக்குத் தலைப்பெழுத்து எழுதியவள். அவள் எழுத்தில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் யானைத் தும்பிக்கைபோல் சுழன்று நிற்கும். அதனால் அந்தப் பெயர். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நெகட்டிவ் அக்காவோடு ஒரே டப்பாவில் கை நனைத்தவள். முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் தலைமை ஓவியருக்கு மஞ்சள் காமாலை வந்து ஆறு வாரம் படுத்துவிட்டபோது, கையிருப்புப் படங்கள் ஐந்து வாரத்தோடு தீர்ந்து, ஆறாவது வார அட்டைக்கு ஆள் இல்லை. ஆசிரியர் கையைப் பிசைந்தார். "நான் வரையறேன் சார்" என்றாள் கொம்பு. வரைந்தாள். அட்டையில் தலைமை ஓவியரைத் தவிர வேறு யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். ஆனால் உள்பக்கத்தில், பொடி எழுத்தில், 'அட்டைப்படம்' என்று அவள் பெயரைப் போட்டார்கள். ஒரே ஒரு தடவை.

அந்த வாரம் நெகட்டிவ் அக்கா அவசரத்தில் இருந்தாள். ஃபிலிமுக்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மருந்து பூசிய மங்கல். ஒட்டுவதற்கு முன்னால் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும். மருந்து உதிர்கிற பக்கம் எது என்று தெரிந்துகொண்டுதான் மேஜையில் வைக்க வேண்டும். பத்தாயிரம் ஃபிலிம் சுரண்டியவளுக்கு இந்த ஒன்றைச் சுரண்டாமலே தெரியாதா என்ன? வைத்தாள். முதல் ஃபிலிம் குப்புற விழுந்தது. மற்ற மூன்றையும் அதன்மேல் கச்சிதமாகப் பொருத்தினாள். பத்திரிகையின் பெயர் வேறு ஃபிலிம் என்பதால் அது சரியாக நின்றது. படத்துக்குள் ஓர் எழுத்துகூட இல்லை, எனவே யார் கண்ணிலும் படவில்லை. இதழ் கடைக்குப் போய்ச் சேர்ந்தது: பெண் மறுபக்கம் திரும்பியிருந்தாள், மெஷினின் சக்கரம் இடது கைப்பக்கம் போயிருந்தது. குறுக்கெழுத்துப் போட்டி அறிவிப்புக் கட்டத்துக்காகக் கொம்பு விட்டிருந்த காலி மூலை வலப்பக்கம் போய்விட்டதால், கட்டம் வழக்கம்போல் இடப்பக்கமே விழுந்து பூனையை மூடிவிட்டது. கட்டத்தின் ஓரத்தில் வாலின் நுனி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வாசகர்கள் அது என்ன கயிறு என்று கேட்டு எழுதினார்கள்.

ஆனால் உண்மையான படையெடுப்பு தையல்காரர்களுடையது. நாற்பத்து மூன்று கடிதம். எந்த ஊர் மெஷினில் ஐயா சக்கரம் இடப்பக்கம் இருக்கிறது?

ஆசிரியர் எல்லாரையும் கூப்பிட்டு விசாரித்தார். கூட்டத்துக்குப் போகும் முன் நெகட்டிவ் அக்கா தனியாகத் தன் அறைக்குப் போனாள். ஃபிலிமின் ஓரத்தைச் சுரண்டினாள். நகம் வழுக்கியது; ஃபிலிம் திரும்பித்தான் ஒட்டப்பட்டிருந்தது. நான்கையும் சுருட்டிக் கழிவு டிரம்மில் போட்டுவிட்டுப் படியேறினாள்.

"நான் வலப்பக்கம்தான் சார் வரைஞ்சேன். ஒரிஜினலை எடுத்துப் பாருங்க" என்றாள் கொம்பு.

ஒரிஜினல் தலைமை ஓவியரின் அறைக்குப் போயிருந்தது. காமாலை தெளிந்து வந்திருந்த அவர், "எங்கிட்ட எதுவும் வரலையே" என்றார். தம் வாழ்நாளிலேயே அவர் சொன்ன மிகச் சுருக்கமான விமர்சனம் அது.

அச்சக ஃபோர்மேன் நெகட்டிவ் அக்கா பக்கம் திரும்பினார். "ஃபிலிம் கிலிம் திரும்பிடுச்சாம்மா?"

"என் மேஜையில ஃபிலிம் திரும்பாது."

கொம்பு அவளைப் பார்த்தாள். நீண்ட நேரம் அல்ல. ஒரு கொம்பு போடுகிற நேரம். 'தையல் மெஷினைக் கண்ணால் பாத்திராத பொம்பளைக்கு எதுக்கு அட்டைப்படம்' என்று சாப்பாட்டு அறையில் பேசிக்கொண்டார்கள். அப்புறம் அவளுக்கு அட்டை கிடைக்கவே இல்லை. அடுத்த வருடம் வேலையை விட்டு, வேறொரு ஊரில் நோட்டுப் புத்தகக் கடை வைத்தாள். போகிற அன்று ஃபிலிம் அறை வாசலில் நின்று, "உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். போதும்" என்றாள்.

இதற்கிடையில் நாற்பத்து மூன்று பேரில் ஒருவர், பதில் வராத கோபத்தில், கையில் தையல் மெஷினின் படத்தோடு நேரிலேயே வந்துவிட்டார். ஆசிரியர் அவரைக் கீழே அனுப்பினார். நெகட்டிவ் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "வெளிநாட்டுல அந்த மாதிரி மெஷின் இருக்கு டெய்லரே."

"எந்த நாட்டுல மேடம்?"

"உங்களுக்குத் தெரியாத நாட்டுல."

அடுத்த வாரமும் வந்தார். "நாட்டோட பேரைக் கேட்டுட்டுப் போலாம்னு." அதற்கடுத்த வாரமும் வந்தார். நாட்டின் பெயர் கிடைக்கவில்லை. ஒரு வருடத்தில் பெண் கிடைத்தாள். ஆக, அந்த வீட்டின் அஸ்திவாரத்திலேயே ஒரு பொய் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. முப்பத்தோரு வருடமாக எந்த வாக்குவாதத்திலும் டெய்லர் தோற்கும்போது கடைசியாகச் சொல்கிற வாசகம் ஒன்றுதான்: "இருக்கட்டும், அந்த நாட்டோட பேரைச் சொல்லு பாப்போம்."

இந்த வரலாறு முழுவதும் அந்த உறைக்குள் இருந்தது. நெகட்டிவ் அக்கா என்ன செய்தாள் என்று கேட்டால், அன்றைக்குச் செய்ததையே செய்தாள். படிவத்தில் பதினேழாம் எண்ணுக்கு நேராக, 'இதழில் வெளிவரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனா நன்றாகவே எழுதியது.

கையுறைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "வெளிவராத ஓவியமா! தலைமை ஓவியரோட வெளிவராத ஓவியமா!" என்று இரண்டு தடவை சொன்னார். அக்கா தேநீர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அழைப்பிதழ் வந்தது. முகப்பில் அதே பெண், அதே மெஷின், அதே பூனை. கீழே தலைமை ஓவியரின் பெயர். உள்ளே நிபுணரின் உரை: 'வாழ்நாள் முழுவதும் வெளியிடாமல் ஓவியர் தம் அலமாரியில் பொத்திவைத்த படைப்பு. இடது கீழ் மூலையில் அவர் வேண்டுமென்றே விட்டிருக்கும் வெறுமை, உழைக்கும் பெண்ணின் பேசப்படாத மௌனம்.' குறுக்கெழுத்துப் போட்டிக் கட்டத்துக்கு இவ்வளவு பெரிய மரியாதை இதற்கு முன் கிடைத்ததில்லை.

டெய்லர் அழைப்பிதழை வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். இறக்கிப் பார்த்தார்.

"மேடம்! இது அந்தப் படம்!"

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "எந்தப் படம்?"

"அதான், நான் சண்டைக்கு வந்தேனே, அந்தப் படம். ஆனா இதுல பாரு, சக்கரம் சரியா வலப்பக்கம் இருக்கு. பெல்ட்டு போற வழி, மிதி, எல்லாம் அச்சு அசல். பெரிய மனுஷன் வரைஞ்சா எப்படி இருக்கும்னு பாரு. அந்தம்மா இருந்தாங்களே, உன் சினேகிதி, இவரைப் பாத்துக் காப்பி அடிச்சிருக்காங்க. காப்பியையும் தப்பா அடிச்சிருக்காங்க!"

கத்தி நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"இல்ல, காப்பி..."

"வாயை மூடுங்க டெய்லரே."

"நான் என்ன..."

"தையல் மெஷினைப் பத்தி மட்டும் பேசுங்க. அவளைப் பத்திப் பேசாதீங்க. அவ ஒரு கோடு போட்டா அந்தக் கோட்டுக்கே தெரியும் எங்க நிக்கணும்னு. காப்பியாம்!"

அவர் கடைக்குப் போனார். வெங்காயம் காரணமாகவும் வேறு காரணமாகவும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சினேகிதியை வரையத் தெரியாதவள் ஆக்கியது முதல் பொய். இப்போது திருடியாகவும் ஆக்கியாயிற்று. இரண்டுக்கும் அடியில் ஒரே கையெழுத்து. இன்னொரு முப்பத்திரண்டு வருடம் விட்டுவைத்தால் கொலைகாரியாகவும் ஆக்கிவிடலாம்.

நிபுணருக்குப் போன் போட்டாள். "சார், பதினேழாம் நம்பர் படம் வெளிவந்திருக்கு. தலைமை ஓவியர் வரைஞ்சது இல்ல. உள்பக்கத்துல வரைஞ்சவ பேரே இருக்கு. கொண்டு வந்து காட்டுறேன்."

"அம்மா, புத்தகம் அச்சாகி வந்தாச்சு."

"கிழிச்சுட்டு மறுபடி போடுங்க."

"நீங்கதானேம்மா வெளிவரலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க?"

"பொய் எழுதினேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. அப்புறம், மிகவும் மரியாதையாக: "வயசாகுதுல்லம்மா. ஞாபகம் அங்க இங்க குழம்பும். தப்பில்ல. ரெஸ்ட் எடுங்க."

பொய் சொன்னதை ஒத்துக்கொண்டால் நம்ப மறுக்கிறார்கள். ஞாபகம் பிசகிவிட்டது என்று அவர்களே சொல்லித் தலை தடவுகிறார்கள். திருடி என்று சொல்லியிருந்தால்கூட நெகட்டிவ் அக்கா பொறுத்திருப்பாள். ஞாபகம் குழம்புகிறது என்றது எல்லை மீறிய பேச்சு.

"டெய்லரே!" என்று கத்தினாள். "கடையில துணி போட்டுப் பாக்குற கண்ணாடியைக் கழட்டுங்க."

"எதுக்கு மேடம்?"

"சொன்னா செய்ய மாட்டீங்களா?"

கண்காட்சியின் திறப்பு அன்று அந்த ஆளுயரக் கண்ணாடி பேருந்தில் பயணம் செய்தது. இடத்தை அடைக்கிறதே என்று நடத்துநர் குறைப்பட்டபோது, "கண்ணாடிக்குள்ள தெரியிறவங்களுக்கும் டிக்கெட் எடுக்கணுமாப்பா?" என்று டெய்லர் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது.

நூலக மாடியில் எண்பது பேர் இருந்தார்கள். பதினேழாம் படம் நடுச்சுவரில், தனி விளக்கின் கீழ், கயிறு கட்டிய தூரத்தில் இருந்தது. கையுறைக்காரர் மைக்கில், இடது மூலையின் மௌனம் பற்றி உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். நெகட்டிவ் அக்கா கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தாள். "இங்க வைங்க" என்றாள். டெய்லர் கண்ணாடியைப் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, கொஞ்சம் கயித்துக்கு அந்தப் பக்கம்..." என்றார் நிபுணர்.

"முடியாது."

பையிலிருந்து பழைய இதழை எடுத்து, அட்டையைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தாள். கூட்டம் எட்டிப் பார்த்தது. கையில் இருந்த அட்டையில் சக்கரம் இடப்பக்கம். கண்ணாடிக்குள் வலப்பக்கம். சுவரில் இருந்த படத்திலும் வலப்பக்கம். கண்ணாடிக்குள் கட்டத்தின் ஓரத்தில் வால் நுனி. சுவரில் அதே இடத்தில் முழுப் பூனை.

"இது மௌனம் இல்ல. குறுக்கெழுத்துப் போட்டிக்கு விட்ட இடம்" என்றாள், காலி மூலையைக் காட்டி. "இந்தப் படம் முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடியே வந்தாச்சு. திரும்பி வந்துச்சு, அவ்வளவுதான். வரைஞ்சது யாருன்னு உள்பக்கத்துல போட்டிருக்கு, படிச்சுக்கோங்க."

நிபுணர் லேசுப்பட்டவரா? கையுறையோடு இதழை வாங்கிப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "அருமையான கண்டுபிடிப்பு. அதாவது, தலைமை ஓவியரோட மூலத்தை ஒரு உதவியாளர் இடவலமா மாத்திப் பிரதி எடுத்து வெளியிட்டிருக்காங்க. அப்படித்தானே? இது மூலத்தோட மதிப்பை இன்னும் கூட்டுது."

டெய்லர் தலையாட்டினார். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் தலை நின்றது.

"இங்க வாங்க சார். அந்தப் பொண்ணோட காதுக்குப் பக்கத்துல பாருங்க. என்ன இருக்கு?"

நிபுணர் குனிந்தார். "ஒரு மெல்லிய கோடு."

"கோடு இல்ல. தூரிகையோட மயிரு. வரையும்போது உதிர்ந்து பெயிண்ட்ல ஒட்டிக்கிச்சு. இப்ப அட்டையில பாருங்க. அதே காது, அதே இடம், அதே வளைசல். காப்பி அடிக்கிறவ மயிரையுமா காப்பி அடிப்பா?"

மைக் அணைக்கப்படவில்லை என்பது எல்லாருக்கும் அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சொல் மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது. நூலகர் மட்டும் கூரையைப் பார்த்தார். மற்றவர்கள் சிரித்தார்கள். நிபுணர் சிரிக்கவில்லை, காதையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் கையுறையைக் கழற்றினார். அவர் கையை அன்றுதான் அக்கா பார்த்தாள்; சாதாரணக் கைதான்.

"அப்போ... இந்த ஒரிஜினலைத்தான் படம் பிடிச்சிருக்காங்க. படம் எப்படித் திரும்பிச்சு?"

இதற்காகத்தான் வந்திருந்தாள், இந்தக் கேள்விக்கு மட்டும் வீட்டில் ஒத்திகை பார்க்கவில்லை. மைக்கை வாங்கினாள்.

"நான் திருப்பினேன். ஃபிலிமைச் சுரண்டிப் பாக்காம வெச்சேன். கேட்டப்போ இல்லைன்னு சாதிச்சேன். ஒரு நல்ல ஓவியர் அதோட போயிட்டா. இன்னொருத்தர் அந்தப் படத்தை அலமாரியில வெச்சுக்கிட்டே வரலைன்னு சொன்னார், அது அவர் பாடு. ஆனா தப்பு என்னுது. அதை நான் யாருக்கும் விட்டுக் கொடுக்கிறதா இல்ல. ஞாபகக் குழப்பம்னு யாராவது சொன்னீங்கன்னா நடக்கிறதே வேற." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இன்னொண்ணு. நாலு ஃபிலிமையும் தப்பாத்தான் ஒட்டினேன். ஆனா நாலும் மயிரிழை விலகல. பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துக்கோங்க."

நிபுணர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா. அடுத்த பதிப்புல திருத்திரலாம்."

"பதிப்பு எப்பவோ வரட்டும். லேபிளை இப்பவே மாத்துங்க. மாத்துற வரைக்கும் இந்தக் கண்ணாடி இங்கதான் நிக்கும். நானும்."

நின்றாள். நாற்காலி கொடுத்தார்கள், வேண்டாம் என்றாள். வந்தவர்களெல்லாம் நாற்பத்தொரு படத்தை விட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் வரிசை கட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் நிபுணர் கையால் எழுதிய புது லேபிளோடு வந்தார். அவள் வாசித்தாள்; திருப்பிக் கொடுத்தாள்.

"கொம்பு பேரு சரியா இருக்கு. என் பேரு எங்க?"

"உங்க பேரா? தப்பு செஞ்சதுக்கா?"

"நன்றி சொல்ல மட்டும்தான் பேரு வேணுமா உங்களுக்கு?"

ஆக, இப்போது அந்தப் படத்தின் கீழே இரண்டு பெண்களின் முழுப்பெயரும் இனிஷியலோடு இருக்கின்றன: வரைந்தவர், இடவலமாகத் திருப்பி அச்சேற்றியவர். ஒரே அளவு எழுத்து. இதை மட்டும் அவள் அடிக்கோல் வைத்துச் சரிபார்த்தாள்.

அதுவரை கண்ணாடியைப் பிடித்துக்கொண்டே நின்ற டெய்லர், லேபிளை ஒட்டி முடித்ததும்தான் வாயைத் திறந்தார்.

"அப்போ, சக்கரம் இடப்பக்கம் இருக்கிற நாடு?"

"அந்த நாட்டுலதான் முப்பத்தோரு வருஷமா குடும்பம் நடத்துறீங்க."

வழியெல்லாம் அவர் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை. அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது. நோட்டுப் புத்தகக் கடையின் தொலைபேசி எண்ணைத் தேடிப் பிடிக்க அரை நாள் ஆயிற்று. இதழ் தேடுவதைவிடக் கஷ்டம்.

"யாரு?"

"நான்தான். ஃபிலிம் திரும்பிடுச்சு."

அந்தப் பக்கம் பென்சில் பெட்டிகளை அடுக்குகிற சத்தம் கேட்டது.

"இப்பதான் சுரண்டிப் பாத்தியாக்கும்?"

"அன்னைக்கே பாத்தேன்."

"தெரியும்."

மூன்றாம் நாள் கொம்பு வந்தாள். தலை முழுக்க வெள்ளை. நடையில் மட்டும் பழைய சுழி. படத்துக்கு முன்னால் போய் நின்று, முதலில் சக்கரத்தைப் பார்த்தாள். பெல்ட்டைப் பார்த்தாள். பூனையைப் பார்த்து, "பாவம், இதை மூடிட்டாங்களே" என்றாள். கடைசியில் லேபிளைப் படித்தாள். இரண்டாவது பெயரில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"நான் ஒண்ணும் உன்னை மன்னிக்கப் போறதில்லடி."

"நான் கேக்கவே இல்லையே."

"கேட்டாலும் கிடையாது."

"கேட்டாத்தானே."

"திமிரு குறையல."

"உனக்கு மட்டும் குறைஞ்சிருக்கா? வாடி, கீழ டீக்கடை இருக்கு."

கொம்பு நகரவில்லை. "ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் இருக்கா? அந்தக் காதுகிட்ட முடி ஒட்டினதை அன்னைக்கே எடுத்திருக்கணும். இப்ப பாத்தா கை துறுதுறுங்குது" என்றாள். படங்களுக்குக் காவலிருந்தவர் பதறிப்போய்க் கயிற்றை இன்னும் இரண்டடி தள்ளிக் கட்டினார்.

இருவரும் படியிறங்கும்போது, வாசல் மேஜையில் பார்வையாளர் கருத்துப் புத்தகத்தின் மேல் குனிந்து ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். அக்காவைக் கண்டதும் பேனாவை வைத்துவிட்டுத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். அக்கா புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாள். மெஷின் தையல்போல் நெருக்கமான எழுத்து:

'சக்கரம், பெல்ட், மிதி அனைத்தும் மிகச் சரியாக வரையப்பட்டுள்ளன. முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் இந்தப் படத்தைக் கண்டித்து ஆசிரியருக்கு நான் எழுதிய கடிதத்தை, ஓவியரிடம் மன்னிப்புக் கேட்டு, இதன்மூலம் வாபஸ் பெறுகிறேன். கடிதத்தினால் விளைந்த கல்யாணத்தை வாபஸ் பெறுவது பற்றி யோசித்து வருகிறேன். இப்படிக்கு, ஒரு தையல்காரர்.'

கொம்பு படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து நூலகர் எட்டிப் பார்த்தார். நெகட்டிவ் அக்கா சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, கீழே ஒரே சொல் எழுதினாள்:

'முடியாது.'

கையெழுத்தும் போட்டாள்.